இரண்டு ஆண்டும் ஐந்து ஆண்டும்

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த பேச்சில் பெரும்பகுதி அதன் பெயரைப் பற்றியதாகவே இருந்தது. பெயரைப் பற்றிப் பேச வேண்டியதுதான். வாயில் நுழையாத பெயரோடு ஒரு தண்டனைச் சட்டம் நம்மை ஆள்வது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தச் சலசலப்பில் 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு பலர் கண்ணில் படாமலே போயிற்று. அலட்சியத்தால் ஒருவருக்கு மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது அது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டாண்டு. அடுத்த வரியிலேயே ஒரு சலுகை வருகிறது: அச்செயலைச் செய்தவர் பதிவுபெற்ற மருத்துவராக இருந்து, மருத்துவச் செய்முறையின்போது அது நிகழ்ந்திருந்தால் இரண்டாண்டு வரை மட்டுமே. பதிவுபெற்ற மருத்துவர் யார் என்பதற்கும் கீழேயே விளக்கம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஏற்கும் தகுதி உடையவர். மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்.

செவிலியர் அந்தப் பதிவேட்டில் இல்லை. (பல் மருத்துவரும் சித்த மருத்துவரும்கூட அதில் இல்லை, அவர்கள் வழக்கை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.) ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே பிரசவம். தவறு நேர்ந்து வழக்கு வந்தால், மேலதிகாரமும் மேலதிகப் படிப்பும் மேலதிகச் சம்பளமும் உள்ளவருக்கு உச்சத் தண்டனை இரண்டாண்டு. அவர் சொன்னதைச் செய்தவருக்கு, அல்லது அவர் இல்லாதபோது தனியே நின்றவருக்கு, ஐந்தாண்டு. அதிகாரம் கூடக்கூடப் பொறுப்பும் கூட வேண்டும் என்பதுதான் நாம் அறிந்த நீதி. இங்கே அது தலைகீழாக எழுதப்பட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்பது ஒளிவுமறைவான கதையல்ல. 2023 ஆகஸ்டில் அறிமுகமான முதல் வரைவில் அலட்சிய மரணத்துக்கு எல்லாருக்கும் ஏழாண்டு என்றிருந்தது. டிசம்பரில் திருத்தி வந்த வரைவில் ஐந்தாண்டு ஆயிற்று. டிசம்பர் 20 அன்று மக்களவையில் உள்துறை அமைச்சர், இந்திய மருத்துவச் சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க மருத்துவர்களுக்கு விலக்களிக்கும் திருத்தம் கொண்டுவருவதாக அறிவித்தார். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள், பெற்றார்கள். அவர்கள் கேட்டது பிழை என்று நாம் சொல்லவில்லை. நோயாளி இறந்ததுமே மருத்துவரைக் கொலைகாரனைப்போல இழுத்துச் செல்லும் நாட்டில் அந்தப் பாதுகாப்புக்கு நியாயம் உண்டு. 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்: வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் கருத்தைப் பெறாமல் புகாரின்மேல் நடவடிக்கை வேண்டாம், வழக்கமான குற்றவாளியைப்போல் கைது செய்ய வேண்டாம் என்று. அந்தத் தீர்ப்பின் வாசகமும் மருத்துவரைப் பற்றியே பேசுகிறது. எங்கள் கேள்வி ஒன்றுதான். அந்த அறையில் இருந்த இன்னொருவர் எங்கே போனார்?

இலக்கியம் பேசும் இடத்தில் சட்டப்பிரிவும் ஊசியும் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். நர்ஸ் என்ற சொல்லுக்கு ஈடாக நாம் எடுத்துக்கொண்ட சொல் செவிலி. அகப்பாடல்களை ஒருமுறையாவது புரட்டியவர்கள் அவளை அறிவார்கள். ஈன்ற தாய் நற்றாய்; வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உடல் வேறுபாட்டை முதலில் காண்பவள், உடன்போக்கில் மகள் போன பின் சுரத்தில் தேடிச் செல்பவள், மனையறம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவந்து நற்றாய்க்குச் சொல்பவள். தொல்காப்பியம் அவளுக்குத் தனியே கூற்று வகுத்திருக்கிறது. அதாவது, எந்த இடத்தில் அவள் தன் குரலில் பேசலாம் என்பதற்கு இலக்கணம் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட நாம் அந்தக் கூற்றைக் கொடுக்கவில்லை. இன்றைய செவிலியின் கூற்று, மருத்துவரின் கையெழுத்துக்குக் கீழே சுருக்கெழுத்தில் எழுதப்படும் குறிப்பு.

தமிழ்நாட்டின் தாய்சேய் நலப் பெருமையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. மேடைதோறும் சொல்லப்படும் எண் இது. இதன் அடியில் இருப்பது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு. இரவில் அந்தக் கட்டடத்தில் விழித்திருப்பவர் செவிலியர்தான். இயல்பான பிரசவத்தைப் பார்க்கச் சட்டம் அவரை அனுமதிக்கிறது. அது அவருடைய பயிற்சியின் மையம். சிக்கல் தொடங்குவது, இயல்பு இயல்பல்லாததாக மாறும் அந்தச் சில நிமிடங்களில். கருப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டத் தொடங்குகிறது, அல்லது இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருகிறது. 108 வண்டி வந்து, ஏற்றி, தாலுகா மருத்துவமனையை அடையும்வரை அந்த உயிர் ஒரு செவிலியின் கையில் இருக்கிறது. அந்த இடைவெளியில் அவர் என்ன செய்யலாம்?

இதற்கு நல்ல பதில் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பிரசவ வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து போதும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது. மத்திய அரசு துணைச் செவிலியருக்காக வெளியிட்ட 2010ஆம் ஆண்டு வழிகாட்டி, அந்த மருந்தின் முதல் தவணையை அவரே போடலாம் என்கிறது. ஒரே தவணை, பிறகு உடனே மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எல்லை என்பதை இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இந்த மருந்து, இந்த அளவு, இந்த நிலையில், இதற்கு மேல் இல்லை, அடுத்த படி இது. இதில் யாருடைய தகுதியும் தாழவில்லை, யாரும் தன் அறிவுக்கு மீறிய இடத்தில் கால்வைக்கவும் இல்லை.

ஆனால் அது வழிகாட்டி, சட்டமல்ல. வழக்கு என்று வந்தபின் ஒரு பக்கத்தில் சுற்றறிக்கையும் மறுபக்கத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் நிற்கும். நல்ல வழக்கறிஞர் கிடைத்தால் சுற்றறிக்கையை வைத்து வாதாடலாம். தொகுப்பூதியச் செவிலிக்கு நல்ல வழக்கறிஞர் கிடைப்பாரா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். துணிந்து ஊசி போட்டுக் கெட்டால் 'உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது' என்பார்கள். போடாமல் காத்திருந்து கெட்டால் 'கடமை தவறினாய்' என்பார்கள்.

அடுத்து கட்சிரோலி. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காடும் பழங்குடிகளும் நிறைந்த மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைக் கவனிக்கப் பயிற்சியளித்தார்கள். குழந்தையை எடைபோடுதல், குளிர் தாக்காமல் காத்தல், மூச்சுத்திணறலைச் சமாளித்தல், இரத்தத்தில் தொற்று ஏறியதற்கான அறிகுறிகளைக் கண்டறிதல், கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடுதல். 39 கிராமங்களில் இது நடந்தது. ஒப்பீட்டுக்கு 47 கிராமங்கள். 1999இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. தொற்று கண்ட குழந்தைகளில் இறப்பவர் விகிதம் முன்பு 16.6 விழுக்காடு, இந்தப் பெண்கள் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய பின் 2.8.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு பெண், நூறு குழந்தைகளில் பதினேழு பேர் செத்துக்கொண்டிருந்த நோயில் அந்த எண்ணிக்கையை மூன்றுக்குக் கொண்டுவந்தாள். அவள் மேதை என்பதால் அல்ல. அவள் செய்யவேண்டியது இன்னது என்று துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தது, அதைத் திரும்பத்திரும்பப் பழகியிருந்தாள், மேற்பார்வை இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குழந்தை இருந்த ஊரிலேயே அவளும் இருந்தாள். 2011இல் மத்திய அரசு இந்த வீட்டுவழிக் கவனிப்பை ஆஷா பணியாளர்கள் மூலம் நாடு முழுவதும் கொண்டுபோயிற்று. எடைபோடுதல் வந்தது, கம்பளி சுற்றுதல் வந்தது, வீட்டுக்குச் செல்லும் முறைகளின் எண்ணிக்கை வந்தது. ஊசி வரவில்லை. துணைச் செவிலியர் குறிப்பிட்ட சூழலில் ஜென்டாமைசின் போடலாம் என்ற வழிகாட்டி 2014இல்தான் வெளியாயிற்று. லான்செட் கட்டுரைக்கும் அதற்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மருந்தை மிகையாகப் பயன்படுத்தினால் கிருமிகள் பழகிவிடும் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் மூலைக்கு மூலை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் நாட்டில், அந்த அச்சம் கிராமத்துப் பெண்ணின் கையைக் கண்டதும் மட்டும் விழித்துக்கொள்வதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

எல்லைக்கோடு யாரைக் காக்கிறது என்று கேட்டால், நோயாளியை என்று பதில் வரும். சில இடங்களில் அது உண்மையே. 1996இல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி படித்தவர் தனக்குத் தெரியாத அலோபதி மருந்துகளைக் கொடுத்து நோயாளி இறந்ததை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஒரு முறையைக் கற்காமல் அதைக் கையாள்பவர் போலி மருத்துவரே என்றது. அந்தத் தீர்ப்பின் ஒரு சொல்லையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்காமல் செய்வது வேறு, கற்றும் செய்யக்கூடாது என்று தடுப்பது வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கோடு இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1875இல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்வரை பெண்ணாய்ப் பிறந்ததே கோட்டுக்கு வெளியே நிற்கப் போதுமானதாக இருந்தது. நம் ஊர்களில் அதற்கு முன்பும் பின்பும் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். தீட்டு என்று மற்றவர் ஒதுங்கிய வேலையைச் செய்தவர்கள். அந்தக் குடும்பத்துக்கே மருத்துவர் என்ற பெயர் இருந்ததை மறந்துவிட்டோம். 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. செவிலியருக்கும் மகப்பேற்றுத் தாதியருக்குமான சட்டம் 1926 வரை காத்திருந்தது.

பழைய தமிழ்க் கதைகளில் வரும் எல்.எம்.பி. டாக்டரை நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். குறுகிய காலப் படிப்பு, சிற்றூரில் தொழில், குதிரை வண்டி, அரைக்கண் மூக்குக்கண்ணாடி. 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது இந்தியாவில் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 47,500 மருத்துவர்களில் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்த வகையினர். நாட்டுக்கு இனி ஒரே வகை மருத்துவர்தான், முழுப் பட்டம் பெற்றவர்தான் என்று குழுவின் பெரும்பான்மை பரிந்துரைத்தது. கிராமத்துக்கு யார் போவார் என்று கவலைப்பட்ட ஆறு உறுப்பினர்கள் மாற்றுக் கருத்து எழுதிவைத்தார்கள். பெரும்பான்மையின் கனவு உயர்ந்தது, அதில் ஐயமில்லை. கனவு கண்ட மருத்துவர் கிராமத்துக்கு வரவில்லை. அவர் இடத்தில் கம்பவுண்டரும் ஊசிக்காரரும் உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் நம் எதிர்த்தரப்பினர் தம் வலுவான வாதத்தை வைக்கிறார்கள். பணக்காரனுக்கு முழு மருத்துவர், ஏழைக்கு அரை மருத்துவரா? இந்தக் கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்கலாம் என்றபோது இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது. அந்தப் பிரிவு மோசமாக எழுதப்பட்டது என்பதும் மெய். நவீன மருத்துவத்தோடு தொடர்புடையவர் என்று மட்டும் சொல்லி, அது யார் என்பதை ஆணையத்தின் விதிகளுக்கு விட்டுவிட்டது. தெளிவற்ற எல்லை, எல்லையில்லாமையைவிட ஆபத்தானது. அதில் நாம் சங்கத்தின் பக்கமே.

ஆனால் 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்ற பழமொழியை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குபவர்களுக்கு ஒரு பாடபேதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது 'வேரை' என்பது பலர் கொள்ளும் பாடம். ஆயிரம் மூலிகை வேரைப் பிடுங்கிப் பழகியவனே பாதி வைத்தியன் ஆகிறான் என்பது பொருள். பழகியதைச் சொன்ன பழமொழியைக் கொன்றதாக மாற்றி, பழகியவர்களை அடிக்கவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

சத்தீஸ்கர் 2001இல் மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. எதிர்ப்பிலும் வழக்குகளிலும் சிக்கி அது நின்றுபோயிற்று. படித்து முடித்தவர்கள் கிராமப்புற மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டார்கள். பிறகு 2010இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு, அடிப்படை நோய்களைக் கையாள்வதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு நிகராகவே இருந்ததைக் கண்டது. மொசாம்பிக் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மருத்துவரல்லாதவர்களுக்கு 1984 முதல் அறுவைப் பயிற்சி அளித்தது, சிசேரியன் செய்கிறார்கள். ஏழாண்டுக்குப் பின் பார்த்தபோது, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவரும் அங்கே மிஞ்சவில்லை; அறுவைப் பயிற்சி பெற்றவர்களில் 88 விழுக்காட்டினர் அங்கேயே இருந்தார்கள். அரை மருத்துவரா முழு மருத்துவரா என்ற கேள்வி, முழு மருத்துவர் அங்கே இருக்கும்போது மட்டுமே அர்த்தமுள்ளது.

வலியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. புற்றுநோயின் கடைசி மாதங்களில் வாய்வழி மார்ஃபினைவிட மலிவான கருணை வேறில்லை. உகாண்டா 2004இல் சட்டத்தை மாற்றி, சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரே அதைப் பரிந்துரைக்கலாம் என்றது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் இறுக்கத்தால் மருத்துவர்களுக்கே அது எட்டாக்கனியாக இருந்தது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநீக்க இயக்கத்தினர் போராடிப் போராடி, 2014 திருத்தத்தில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. இன்றும் வீடு வீடாகப் போய்ப் புண்ணைக் கழுவி, படுக்கையைத் திருப்பிப் போட்டு, வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்பவர் செவிலியர். அளவைக் கூட்ட அவருக்கு உரிமையில்லை. கருக்கலைப்புச் சட்டத்திலும் இதே கதைதான். பயிற்சி பெற்ற செவிலியரும் தொடக்கநிலைக் கருக்கலைப்பைச் செய்யலாம் என்று 2014 வரைவுத் திருத்தம் முன்மொழிந்தது. 2021இல் நிறைவேறிய திருத்தத்தில் அது இல்லை.

எங்கள் தரப்பிலிருந்தே எழக்கூடிய ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். எல்லையைத் தளர்த்துங்கள் என்றால் அரசுக்குக் கொண்டாட்டம். மருத்துவர் செய்வதைச் செவிலியும், செவிலி செய்வதை ஆஷாவும் செய்தால் செலவு மிச்சம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியருக்குத் தமிழ்நாடு கொடுத்தது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு உட்கார்ந்தார்கள். ஆஷாவை இன்றும் ஊழியர் என்று சொல்ல அரசுக்கு மனமில்லை, தன்னார்வலர் என்கிறது. ஆகவே வேலையை மட்டும் கீழே தள்ளும் திட்டத்துக்கு நாம் கைதூக்கவில்லை. வேலையோடு பதிவு, பதிவோடு ஊதியம், ஊதியத்தோடு சட்டப் பாதுகாப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் இறங்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமல் மற்றவை வந்தால் அது ஐந்தாண்டுச் சிறைக்கு ஆள்பிடிப்பதாகவே முடியும்.

பதிவேடு இல்லையே என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அலட்சிய மரணத்தில் மருத்துவருக்குச் சலுகை கொடுத்த அதே நாடாளுமன்றம், அதே 2023இல், சில மாதங்களுக்கு முன்புதான் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் தகுதி உண்டு, பதிவு உண்டு, ஒழுக்க விதி உண்டு, தவறினால் நடவடிக்கை உண்டு. 106ஆம் பிரிவின் விளக்கத்தில் அந்தச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்க்க ஒரு வரி போதும். டெல்லி செய்யாவிட்டால் சென்னை செய்யலாம். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. புதிய சட்டங்களில் மாநிலத் திருத்தங்கள் பற்றிப் பரிந்துரைக்கத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி, இதே நியாய சன்ஹிதாவுக்கு நம் சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றியது. திருத்த முடியும் என்று காட்டிய பேரவை அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியரின் பெயர் அந்தத் திருத்தத்தில் இல்லை.